மூன்று தடவை கேட்டவர்

பெரியதனக்காரரே, நீங்கள் ஒரு நல்ல மனிதரை ஊர் நடுவில் பொய்யன் ஆக்கினீர்கள். பொய் சொன்னது நீங்கள். முதல் தடவை வாயை மூடிக்கொண்டு சொன்னீர்கள். இரண்டாம் தடவை வாயைத் திறந்து சொன்னீர்கள். இரண்டு தடவையும் நான் அங்கே நின்றேன்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு அவர் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பெயரைச் சொல்லப்போவதில்லை. எங்கள் ஏரியூர்ப் பக்கம் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்களும் இல்லை. ஆணிக்காரர் என்றால்தான் தெரியும். பழைய வீடுகளைப் பிரித்து மரம் எடுக்கிற தொழில். நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில் குடியிருந்தார். வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். நான் அப்போது லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். அறுபதுகளின் நடுவிலிருந்து ஏழெட்டு வருடம் அவர் பிரித்த மரத்தை ஏற்றிப் போனது என் லாரிதான்.

பிரிக்கிற மரத்தில் பெரும்பாலானது வேறு வீடு கட்டப் போய்விடும். கதவு, நிலை, விட்டம். அதைப் பற்றி அவருக்குப் பெரிய அக்கறை கிடையாது. ஈட்டி மரத்தில் ஒரு கதவு கிடைத்தால் மற்றவர்கள் துள்ளுவார்கள். இவர் ஓரமாகச் சாத்தி வைத்துவிட்டுப் போவார். ஆச்சா மரத் தூண் என்றால்தான் ஆள் மாறிவிடுவார்.

ஆச்சா எங்கள் பக்கத்துக் காட்டு மரம். கனமென்றால் அப்படி ஒரு கனம், தண்ணீரில் போட்டால் மூழ்கும். அறுத்து எண்ணெய் தடவினால் கருஞ்சிவப்பாக, உள்ளே தணல் கிடக்கிற மாதிரி மினுங்கும். நாயனம் செய்ய அதுதான் வேண்டும். ஆனால் காட்டில் வெட்டிக்கொண்டு வந்த மரம் ஆகாது. ஊதுகிறவரின் மூச்சு ஈரம் பட்டுப் பட்டு வெடித்துவிடும். எண்பது நூறு வருடம் ஒரு கூரைக்குக் கீழே நின்று, அடுப்புப் புகை குடித்து, இனிமேல் சுருங்குவதற்கு ஒன்றும் இல்லை என்று ஆன தூண்தான் வேண்டும். அப்படிப்பட்ட தூண் வருடத்துக்கு நாலோ ஐந்தோதான் கிடைக்கும். கிடைத்ததைத் தஞ்சாவூர்ப் பக்கம் நாயனம் கடைகிற ஒருவருக்கு அனுப்புவார்.

அந்தத் தூணில் ஒரு ஆணி இருந்தால் எல்லாம் போச்சு. வீட்டில் தூண் இருந்தால் நாம் என்ன செய்வோம்? காலண்டர் மாட்ட ஒன்று, லாந்தர் மாட்ட ஒன்று, சட்டை மாட்ட ஒன்று. இரும்பைச் சுற்றி மரம் கறுத்து, மெத்தென்று ஆகிவிடும். அதைவிட மோசம், தலை முறிந்து உள்ளேயே தங்கிவிட்ட ஆணி. தொப்பூர்க் கணவாயில் ஒரு டீக்கடையில் லாரியை நிறுத்தியிருந்தபோது எனக்கு அதை விளக்கிச் சொன்னார்.

"கடைசல்ல மரம் சுத்துதுங்க. உளிய வெச்சு அழுத்திக்கிட்டிருக்கான். உள்ள இரும்பு இருக்கிறது அவனுக்குத் தெரியாது. உளி போய் அதுல மோதுச்சுன்னா, ஒண்ணு உளி போவும். இல்லீன்னா ஆளு போவான். அதான் டைவரே, கேக்கறேன்."

கேட்பது. அதுதான் அவர். எந்த வீட்டுக்குள் போனாலும் கும்பிடு போட்டுவிட்டு நேரே தூணிடம் போவார். உள்ளங்கையை வைத்து கீழிருந்து எட்டுகிற உயரம் வரை மெதுவாகத் தடவுவார். ஒரு வீட்டுக்கார அம்மா கேட்டாள்:

"வந்ததும் வராததுமா தூணத் தடவறீங்களே, அதென்ன மாடா?"

"மாடா இருந்தா வலிச்சாக் கத்தும்ங்க. இது கத்தாது. அதான் உங்கள கேக்க வேண்டியிருக்குது. ஆணி இருக்குதுங்களா?"

கேட்பதற்கு ஒரு முறை வைத்திருந்தார். வீட்டு ஆண்களிடம் ஒரு தடவை. பெண்களிடம் ஒரு தடவை. பிறகு எல்லோரையும் கூட்டி நிறுத்தி மூன்றாம் தடவை. விரலை மடக்கித் தெலுங்கில் ஒகட்டி, ரெண்டு, மூடு என்று தனக்குள் எண்ணிக்கொள்வார். மூன்றுக்கும் இல்லை என்று பதில் வந்தால் முடிந்தது. அதற்கு மேல் பார்க்கமாட்டார்.

எனக்கு எரிச்சலாக வரும். "ஏன்ணா, ஏணி வெச்சு ஏறி மேலயும் பாத்துற வேண்டியதுதான? எதுக்கு ஊரக் கூட்டிக் கேட்டுக்கிட்டு?"

"ஏறிப் பாத்துட்டன்னா, கேட்டதுக்கு என்ன மரியாத?" என்றார்.

பெண்ணாகரம் போகிற வழியில் ஒரு ஊரில் தூண் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். அரை மைல் வந்திருப்போம். கண்ணாடியில் பார்க்கிறேன், ஒரு ஆள் துண்டை வீசிக்கொண்டு புழுதியில் ஓடி வருகிறார். அந்த வீட்டுக்காரர். மூச்சு வாங்குகிறது.

"ஒண்ணு இருக்குதுங்க. மூத்தவன் பொறந்தப்ப தூளி கட்டறதுக்கு மேல அடிச்சது. மறந்தே போச்சு. இப்பத்தான் எம் பொண்டாட்டி சொன்னா."

இவர் கீழே குதித்து அந்த ஆளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். தூண் வீணானது பற்றி ஒரு வார்த்தை இல்லை. "நீங்க ஓடியாந்தீங்களே, அது போதுங்க" என்று நாலு தடவை சொல்லியிருப்பார். திரும்ப வண்டியில் ஏறி என்னைப் பார்த்தார். "பாத்தீங்களா டைவரே?" அன்று முழுக்க அவர் முகத்தில் ஒரு வெற்றி.

இடுப்பில் எப்போதும் ஒரு குறடு இருக்கும். பிரிக்காத வீடாக இருந்தாலும், நல்ல தூணில் புதிதாக யாராவது ஆணி அடித்திருந்தால் கேட்டுவிட்டுக் கழற்றுவார். கழற்றிய ஆணியைத் துடைத்து வீட்டுக்காரர் கையிலேயே கொடுப்பார். பதிலுக்கு மடியிலிருந்து ஒரு சணல் துண்டை எடுத்து, தூணைச் சுற்றிக் கட்டிக் காலண்டரைத் தொங்கவிட்டுக் காட்டுவார். அவர் வீட்டில் ஒரே ஒரு ஆணி கிடையாது. அவர் மனைவி ஒருநாள் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னார்: "கட்டிக்கிட்டு வந்து பதினஞ்சு வருசமாச்சுங்க. ஒரு கண்ணாடி மாட்ட ஆணி அடிக்க விட மாட்டேங்கிறாரு. மூஞ்சியப் பாக்கோணும்னா நாந் தண்ணித் தொட்டிக்குத்தாம் போறேன்." அவர் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

எங்கள் ஊரில் இருப்பது விவசாயக் கத்தோலிக்கக் குடும்பங்கள். ஊர் நடுவில் பழைய மாதா கோயில், ஓட்டுக் கூரை. அந்தக் கூரையைத் தாங்கி ஆறு ஆச்சாத் தூண்கள் நின்றன. ஒவ்வொன்றும் ஒரு ஆள் கட்டிப்பிடிக்கிற பருமன். அவர் முதல்முதலாக உள்ளே வந்தபோது வாசலிலேயே நின்றுவிட்டார். பிறகு வருடத்தில் நாலைந்து ஞாயிற்றுக்கிழமை வருவார். கடைசி வரிசையில் உட்காருவார். பூசையைப் பார்க்கமாட்டார், தூணைப் பார்த்துக்கொண்டிருப்பார். என்றைக்காவது கோயிலைப் பிரித்துப் புதிதாகக் கட்டினால் அவருக்குத்தான் தூண் என்று ஊரின் பழைய பெரியதனக்காரர், உங்கள் அப்பா, சொல்லியிருந்தார்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் தோரணம் கட்டுகிற நாளில் தவறாமல் வந்துவிடுவார், ஒரு கட்டுச் சணலோடு. ஆணியும் சுத்தியலுமாக நிற்கிற பையன்களைக் கெஞ்சி விலக்கிவிட்டுத் தானே கட்டுவார். ஒரு வருடம் ஒருவன் சீண்டினான்.

"ஆணிக்காரரே, பேசாம ஞானஸ்நானம் வாங்கிக்கங்க. எங்க ஆண்டவரு கையிலயும் ஆணிதான்."

"அதத்தானுங்க நானும் சொல்றேன்" என்றார் சணலை இழுத்து முடிந்துகொண்டே. "அவரு ஒருத்தர் மேல அடிச்சதுக்கே வருசா வருசம் அழுவறீங்க. இன்னும் எதுக்குங்க சுத்தியலு?"

கோயில் உபதேசியார் வாய்விட்டுச் சிரித்தார். அதற்குப் பிறகு அந்தக் கோயிலில் யாரும் தோரணத்துக்கு ஆணி எடுக்கவில்லை.

பலிபீடத்துக்குப் பக்கத்தில் இருந்தது ஆறாவது தூண். அதை ஒட்டி அந்தோணியார் சுரூபத்துக்கு மரப்பீடம் கட்டியிருந்ததால் பின்பக்கம் கை போகாது. அந்தப் பக்கத்தை மட்டும் அவர் தடவிப் பார்த்ததே இல்லை.

எழுபதுகள் தொடங்கிச் சில வருடத்தில் கோயிலைப் பிரிப்பது என்று முடிவானது. காங்கிரீட்டில் புதுக் கோயில். உங்கள் அப்பா இறந்து, ஊர்ப் பெரியதனம் உங்கள் கைக்கு வந்த புதிது. பங்குச் சாமியாரும் மாற்றலாகி வந்து ஒரு மாதம்தான். அவருக்கு ஒன்றும் தெரியாது. பழைய கோயிலில் கடைசிப் பூசை முடிந்ததும் ஆணிக்காரர் முன்னால் வந்து கும்பிட்டார். சத்தமாகப் பேசிப் பழக்கமில்லாத ஆள்.

"இந்த ஆறு தூணும் நாயனமாவப் போவுது. உள்ள இரும்பு இருந்தா கடையறவனுக்குக் கேடு. யாராச்சும் எப்பவாச்சும் ஆணி அடிச்சிருந்தா சொல்லிருங்க. எதுக்குன்னு கேக்கமாட்டன்."

ஆண்கள் பக்கம் பார்த்துக் கேட்டார். பதில் இல்லை. பெண்கள் பக்கம் திரும்பிக் கேட்டார். இல்லை. மூன்றாவதாக எல்லோரையும் கேட்டார். பெரியதனக்காரரே, நீங்கள் ஆறாவது தூணில் சாய்ந்து நின்றிருந்தீர்கள். "அதான் இல்லன்னு தெரியுதில்ல, ஆவற வேலையப் பாருங்க" என்று வேறு யாரோ சொன்னார்கள். நீங்கள் துண்டால் முகத்தைத் துடைத்தீர்கள். அவர் விரலை மடக்கி எண்ணி முடித்தார். பீடத்தை எடுத்த பிறகு பின்பக்கத்தையும் கையால் தடவினார். வழவழவென்று இருந்தது. ஊர் சொல்லிவிட்டதே.

சேலம், நாமக்கல் என்று போய்த் தஞ்சாவூர்ப் பக்கம் தூண்களை இறக்கினோம். கடைகிறவர் இவரைவிடச் சின்னவர். தூணில் ஒரு சில்லைப் பெயர்த்து முகர்ந்து பார்த்தார். "இந்த மாதிரி மரத்த எங்க அப்பாகூடத் தொட்டதில்ல" என்றார். அந்த ஊர்க் காற்றுக்குப் பழகட்டும் என்று ஒன்றரை வருடம் வைத்திருந்து கடையப்போவதாகச் சொன்னார்.

ஒன்றரை வருடம் கழித்துத் தபால் வந்தது. படிக்கத் தெரிந்தவன் என்று என்னிடம் கொண்டுவந்தார். ஆறாவது தூணில் முதல் துண்டைக் கடையும்போது உளி இரும்பில் மோதித் தெறித்து, கடைகிறவரின் வலது உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. நரம்பு அறுந்துவிட்டது. நான் படித்து முடித்ததும் இவர் கேட்டார்: "எந்தக் கை?" வலது என்று மறுபடியும் சொன்னேன். அன்றே கிளம்பினோம்.

அங்கே யாரும் எங்களைத் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. அந்த மனிதர் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விரல்கள் பாதி மடங்கியபடி நின்றுவிட்டன. அவர் மனைவி மட்டும் ஒரு வார்த்தை கேட்டாள். "நீங்க கேட்டுத்தானே அனுப்புவீங்க?"

"கேட்டனுங்க" என்றார் இவர். "மூணு தடவ கேட்டனுங்க."

பிளந்த துண்டைக் கொண்டுவந்து காட்டினார்கள். தலையில்லாத நீள ஆணி. மேலே ஒரு இரும்புக் கம்பியை வைத்து அடித்து உள்ளே ஆழமாக இறக்கி, மேலே மெழுகுவர்த்தி மெழுகையும் கரியையும் குழைத்து அடைத்துத் தேய்த்திருந்தார்கள். ஆணியைச் சுற்றி ஏதோ கறுப்பாக இருந்தது. வேர் என்று நினைத்தேன். அவர் நகத்தால் பிரித்தார். முடி. நீளமான பெண்முடி.

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. எனக்கும் புரிந்தது. பேய் பிடித்தது என்று சொல்லி ஒரு பெண்ணின் உச்சிமுடியைச் சுற்றி ஆணி அடித்திருக்கிறார்கள். எங்கள் பக்கம் புளியமரத்தில் அடிப்பதுண்டு. இந்தப் பேய்க்குக் கோயில் தூணே வேண்டியிருந்திருக்கிறது.

திரும்பி வரும்போது காவிரிப் பாலத்தில் லாரியை நிறுத்தச் சொன்னார். முடியை ஒரு வெற்றிலையில் வைத்து மடித்துத் தண்ணீரில் விட்டார்.

"என்னண்ணா பண்றீங்க? அதுதான அத்தாட்சி?"

"எந்த வூட்டுப் பொண்ணோ. இந்நேரம் கட்டிக்கிட்டுப் போயிப் புள்ள குட்டியோட இருக்கும். முடியக் கொண்டுபோயி ஊர்ல காட்டுனா, யாருதுன்னு தேடுவாங்க. பேய் புடிச்சவள்னு பொறந்த வூட்டுக்கு அனுப்பிருவாங்க." வண்டியில் ஏறியதும், "டைவரே, முடியப் பத்தி நீங்களும் வாயத் தொறக்கக்கூடாது" என்றார்.

அடுத்த ஞாயிறு புதுக் கோயில் வாசலில், பூசை முடிந்ததும், ஆணியையும் பிளந்த துண்டையும் வைத்துக்கொண்டு நின்றார். அவருக்கு வேண்டியது ஒன்றுதான். கடைகிறவர் வீட்டுக்குப் போய், ஊரில் இன்னார் அடித்தது, ஆணிக்காரருக்குத் தெரியாமல் நடந்தது என்று ஒரு ஆள் சொல்லவேண்டும். அவ்வளவுதான். காரணம் வேண்டாம், பெயர்கூட ஊருக்குத் தெரியவேண்டாம்.

"எங்கிட்ட மட்டும் வந்து சொன்னாப் போதும்ங்க. மூணு தடவ கேட்டன். யாராச்சும் தெரிஞ்சு மறைச்சிருக்கோணும்."

அப்போதுதான் பெரியதனக்காரரே, நீங்கள் முன்னால் வந்தீர்கள்.

"யாரு மறைச்சது? நீரு எங்கயோ ஆணி இருந்த தூண வாங்கிப்போட்டு அனுப்பிட்டு, எங்க கோயில் பேரச் சொல்றீரா?"

"இந்த மெழுகப் பாருங்க, மெழுகுவத்தி மெழுகு. கோயில் தூணுதானுங்க."

"மெழுகுவத்தி எல்லாக் கடையிலயும்தான் விக்குது. பொய்யி சொல்றதுக்கு மாதா கோயில் வாசல்தான் கெடைச்சுதா?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். தோரணம் கட்டியபோது அவரோடு வேடிக்கை பேசிய அதே ஆட்கள். அவர் கூட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து நின்றார். "டைவரு கூட வந்தாரு. நீங்க சொல்லுங்க. நா எப்பவாச்சும் பொய் சொல்லியிருக்கனா?"

நான் கீழே பார்த்தேன். அந்த மாதம் என் லாரி ஓடியதெல்லாம் உங்கள் வீட்டுக் கடலை மூட்டைக்குத்தான். முடியைப் பற்றிச் சொல்லாதே என்றுதான் அவர் சொன்னார். ஆணியைப் பற்றிச் சொல்லாதே என்று சொல்லவில்லை. அது ஆறாவது தூண்தான், நான்தான் ஏற்றினேன், நான்தான் இறக்கினேன் என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. சொல்லவில்லை.

அவர் ஆணியை மடியில் செருகிக்கொண்டு போனார். என் லாரியில் ஏறவில்லை. பஸ்ஸுக்கு நடந்தே போனார்.

அதற்குப் பிறகும் வீடு பிரிக்கிற தொழிலைச் செய்தார். ஆச்சாத் தூண் எதுவும் தஞ்சாவூருக்குப் போகவில்லை. கடைகிறவரின் வீட்டுக்கு வருடம் ஒருமுறை தானே ஒரு மூட்டைக் கேழ்வரகைச் சுமந்துகொண்டு போய்வந்தார் என்று அவர் மனைவி பிற்பாடு சொன்னார். "எதுக்குன்னு கேட்டா, கை எப்படி இருக்குதுன்னு பாத்துட்டு வரேங்கிறாருங்க. கை எப்படி இருக்கும்?"

எழுபதுகளின் கடைசியில் எங்கள் பழைய வீட்டைப் பிரித்தேன். இரண்டு ஆச்சாத் தூண்கள். வேறு ஆளைக் கூப்பிட மனம் வரவில்லை. நானே நல்லம்பள்ளிக்குப் போய் அழைத்தேன். வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். "வாங்க டைவரே" என்றுதான் கூப்பிட்டார், பழைய மாதிரியே. கோபம் எதையும் காட்டவில்லை.

உள்ளே வந்தார். கேட்பார் என்று என் வீட்டு ஆட்களையெல்லாம் வரிசையாக நிற்க வைத்திருந்தேன். என் மனைவியிடம் முன்னாலேயே சொல்லியிருந்தேன். ஒவ்வொரு ஆணியையும் நானே பிடுங்கி, எந்த இடம் என்று கரித்துண்டால் குறி போட்டு வைத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்தார். பழைய ரேடியோ ஸ்பீக்கரில் இருக்குமே, அந்த வட்டக் காந்தம். கயிற்றில் கட்டியிருந்தார். ஏணி கேட்டார். ஏறி, உச்சியிலிருந்து அடிவரை, ஒரு விரற்கடைகூட விடாமல் காந்தத்தைத் தொங்கவிட்டு நகர்த்திக்கொண்டே வந்தார்.

"அண்ணா, நானே பாத்து எடுத்துட்டேன். ஒண்ணுகூட இல்ல."

"செரிங்க" என்றார். காந்தத்தை நிறுத்தவில்லை.

அரை மணி நேரம் அப்படியே நின்றேன். என் வாழ்க்கையில் யாரும் என்னை அவ்வளவு மரியாதையாகக் காறித் துப்பியதில்லை.

அடுத்த மழைக்காலத்தில் அவர் இறந்துபோனார். எனக்கு எட்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது.

பெரியதனக்காரரே, அங்கே ஆணி இருந்தது உங்களுக்குத் தெரியும் என்பது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். உங்கள் தங்கை சொன்னது. போன மாதம் என் வீட்டுக்கு வந்தது. இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்டது, புருசனும் போய்ச் சேர்ந்துவிட்டார். தலைமுடியை வகிர்ந்து காட்டியது. உச்சியில் எட்டணா அளவுக்கு வழுக்கை.

"அந்த எடத்துல அப்புறம் மொளைக்கவே இல்லீங்க. அந்தோணியார் பீடம் கட்டறதுக்கு முந்திங்க அது. மந்திரிக்கிறவன் அடிச்சான், அண்ணன் என் தலயப் புடிச்சிக்கிச்சு. அப்புறம் ஆணிய உள்ள எறக்கி மெழுக வெச்சி அடைச்சதும் அண்ணந்தான். பேயும் இல்ல பிசாசும் இல்லீங்க. அப்பப் பேசுன மாப்ளய எனக்குப் புடிக்கல. சொன்னா அடிப்பாங்கன்னு பேசாமக் கெடந்தன். அவ்வளவுதான்."

ஆணிக்காரர் முடியைக் காவிரியில் விட்டதை அப்போதுதான் அதனிடம் சொன்னேன். முந்தானையால் உச்சியை மூடிக்கொண்டது. பிறகு, "எம் மூஞ்சியக்கூடப் பாத்ததில்லையே அந்த மனுசன்" என்றது. போகும்போது, "எழுதுங்க. எம் பேரையும் போடுங்க. எனக்கு இனிமே என்ன பயம்?" என்றது. பெயரை நான் போடவில்லை. அவர் மறைத்ததை நான் ஏன் திறக்க வேண்டும்? உங்கள் தங்கை என்று எழுதினாலே ஊருக்குத் தெரியும், அது சம்மதித்துத்தான் எழுதுகிறேன்.

முதல் நாள் நீங்கள் வாயை மூடியதில் ஒரு நியாயம் இருந்தது. ஒத்துக்கொள்கிறேன். தங்கையின் வாழ்க்கை. ஆனால் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, ஐந்து தூண் எடுத்துக்கொள்ளுங்கள், ஆறாவது வேண்டாம் என்று காதில் சொல்லியிருந்தால் போதுமே. ஏன் என்றுகூடக் கேட்டிருக்கமாட்டார். ஒரு மனிதனின் கை தப்பியிருக்கும். இரண்டாம் நாள் நீங்கள் சொன்னதற்கு என்ன நியாயம்? உங்கள் தங்கையைக் காப்பாற்றிக்கொண்டு நின்ற ஆளைத்தானே பொய்யன் என்றீர்கள்?

வருகிற ஞாயிறு பூசை முடிந்து யாரும் கலைவதற்கு முன்னால் கோயில் வாசலுக்கு வாருங்கள். நானும் வருகிறேன். அன்று ஏன் கீழே பார்த்தாய் என்று நீங்கள் என்னை ஊர் முன்னால் கேளுங்கள், பதில் சொல்கிறேன். அதற்குப் பிறகு நான் கேட்பேன். ஆண்கள் பக்கம் ஒரு தடவை, பெண்கள் பக்கம் ஒரு தடவை, எல்லோரையும் பார்த்து ஒரு தடவை. ஆணிக்காரர் வீட்டு ஆட்களையும், அந்தக் கடைசல்காரர் வீட்டில் யார் மிச்சமோ அவர்களையும் அழைத்து வந்து நிறுத்துகிறேன்.

ஆறாவது தூணில் ஆணி இருந்ததா? சொல்லுங்கள். இந்தத் தடவை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லுங்கள்.